காதைத் தொட்ட கை: பள்ளி வயது தீர்மானிக்கப்பட்ட வரலாறு

பிறப்புச் சான்றிதழ் எல்லா வீடுகளிலும் புழங்காத காலத்தில், இந்தியாவின் பல பகுதிகளில் பள்ளிச் சேர்க்கைக்கு எளிய ஓர் அளவுகோல் இருந்தது. குழந்தை தன் வலக்கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடக்காதைத் தொட வேண்டும். விரல்நுனி காதை எட்டினால் பெயர் பதிவேட்டில் ஏறும். எட்டாவிட்டால் அடுத்த ஆண்டு வரலாம். சேர்க்கப்பட்ட குழந்தைக்குத் தலைமையாசிரியரே ஒரு பிறந்த தேதியை எழுதிக்கொள்வதும் உண்டு. பள்ளி திறக்கும் மாதத்தை ஒட்டிப் பிறந்தவர்களாகப் பதிவேடுகளில் காணப்படும் முந்தைய தலைமுறையினர் பலரின் ‘பிறந்த நாள்’ அப்படி உருவானதே.

இச்சோதனையை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. சிறு குழந்தையின் தலை உடலோடு ஒப்பிடப் பெரியது, கைகள் குட்டையானவை. ஆறு வயதை ஒட்டிக் கைகால்கள் நீளும்போது இந்த விகிதம் மாறுகிறது. ஆகவே காதைத் தொடும் கை வயதைத் தோராயமாகக் காட்டியது. ஆனால் ஊட்டக்குறைவால் வளர்ச்சி குன்றிய குழந்தை, வயது நிரம்பியும் இதில் தோற்கும். வறுமையின் விளைவை அந்தச் சோதனை ‘முதிர்ச்சியின்மை’ என்று பதிவுசெய்தது. ஒரு குழந்தை கல்விக்கு ஆயத்தமாக இருக்கிறதா என்ற கேள்விக்கு இந்தியச் சமூகம் வெவ்வேறு காலங்களில் அளித்த விடைகள் அனைத்திலும் இத்தகைய சாய்வு ஏதேனும் ஒன்று ஒளிந்திருக்கிறது.

மிகப் பழைய விடைகள் சடங்கின் வடிவில் அமைந்தவை. முடியிறக்கும் சடங்கு முடிந்ததும் இளவரசன் எழுத்தையும் எண்ணையும் கற்கத் தொடங்க வேண்டும் என்கிறது அர்த்தசாத்திரம். வேதக் கல்விக்கான உபநயனத்திற்கு மனுநூல் வயதை மட்டுமன்றி வருணத்தையும் அளவாகக் கொண்டது: பிராமணனுக்கு 8, சத்திரியனுக்கு 11, வைசியனுக்கு 12. சூத்திரருக்கும் பெண்களுக்கும் அங்கே வயதே குறிப்பிடப்படவில்லை. அவர்களைப் பொறுத்தவரை அக்கேள்வி எழவே இல்லை. இசுலாமியக் குடும்பங்களில் நான்கு ஆண்டு, நான்கு மாதம், நான்கு நாள் நிரம்பிய குழந்தைக்குப் பிஸ்மில்லா சடங்கு நிகழ்ந்தது. வங்கத்தில் சரசுவதி பூசையன்று நடைபெறும் ஹாத்தேகொடியும், கேரளத்தில் விசயதசமியன்று நடைபெறும் எழுத்தினிருத்தும் இன்றும் வழக்கில் உள்ளன.

காலனிய ஆவணங்களில் இவ்வழக்கத்தின் தெளிவான சித்திரம் ஒன்று கிடைக்கிறது. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் பள்ளிகளைப் பற்றிக் கணக்கெடுக்க உத்தரவிட்டார். அதற்குப் பல்லாரி ஆட்சியர் கேம்ப்பெல் 1823இல் அனுப்பிய அறிக்கை, குழந்தைகளின் கல்வி பொதுவாக ஐந்தாம் வயதில் தொடங்குவதாகக் கூறுகிறது. ஆசிரியரும் மாணவர்களும் குழந்தையின் வீட்டுக்கு வருவார்கள். பிள்ளையார் உருவைச் சுற்றி அமர்ந்து, குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுத வைப்பார்கள். மறுநாள் காலையில் குழந்தை பள்ளிக்குச் செல்லும். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முதல் நாளில் குழந்தை பள்ளியைத் தேடிப் போகவில்லை. பள்ளி குழந்தையின் வீட்டுக்கு வந்தது. அடுத்து, திண்ணைப் பள்ளியில் ஆண்டு வகுப்பு என்ற அமைப்பு இல்லை. ஒவ்வொரு மாணவனும் தன் வேகத்தில் மணலிலிருந்து ஓலைக்கு முன்னேறினான். ஆறு மாதம் முன்பின்னாகச் சேர்ந்தாலும் எவனும் ‘பின்தங்கியவன்’ ஆகவில்லை. சேரும் வயது பெரும் சிக்கலாக மாறுவதற்கு, ஒரே வயதினரை ஒரே நாளில் ஒரே பாடத்தில் அமர்த்தும் வகுப்பறை தேவைப்பட்டது. அதே வேளையில் அந்தத் திண்ணையின் கதவு தாழ்த்தப்பட்ட சாதியினருக்கும் பெரும்பாலான பெண்குழந்தைகளுக்கும் மூடியே இருந்தது என்பதை மறந்து அதனைப் போற்றுவதும் வரலாறாகாது.

நவீன அரசு இக்கேள்வியைச் சட்டத்தின் மொழிக்கு மாற்றியது. 1911 மார்ச்சில் கோபால கிருஷ்ண கோகலே இம்பீரியல் சட்டமன்றத்தில் தொடக்கக் கல்வி மசோதாவை முன்வைத்தார். உள்ளாட்சி அமைப்புகள் விரும்பினால் 6 முதல் 10 வயது வரையுள்ள சிறுவர்களுக்குக் கட்டாயக் கல்வியைக் கொண்டுவரலாம் என்பதே அதன் சாரம். 1870, 1876 ஆம் ஆண்டுகளின் இங்கிலாந்துச் சட்டங்களும் 1892இன் அயர்லாந்துச் சட்டமும் அவருக்கு முன்மாதிரிகள். நான்கே ஆண்டுகளை அவர் கேட்டதற்குக் காரணம் குழந்தையின் இயல்பன்று, கருவூலத்தின் இயல்பு. அந்த அடக்கமான கோரிக்கையும் 1912 மார்ச்சில் 13க்கு எதிராக 38 வாக்குகளால் தோற்றது. 1937இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வித் திட்டத்தில், ஜாகிர் உசேன் குழு 7 முதல் 14 வரையுள்ள வயதைத் தேர்ந்தது. கைத்தொழிலை நடுவாகக் கொண்ட அக்கல்விக்கு, நூற்கவும் நெய்யவும் வல்ல கை வேண்டும். 1944இன் சார்ஜண்ட் அறிக்கை கட்டாயக் கல்வியை 6 வயதில் தொடங்கியதோடு, 3 முதல் 6 வயதினருக்காக 10 இலட்சம் இடங்கள் கொண்ட பாலர் பள்ளிகளையும் பரிந்துரைத்தது. ஆக, மூன்று திட்டங்களும் வெவ்வேறு தேவைகளிலிருந்து வயதைக் கணக்கிட்டன.

குழந்தையிலிருந்தே தொடங்கிய மரபு ஒன்றும் உடன் வளர்ந்தது. 1837இல் ஜெர்மனியின் பிளாங்கன்பர்க்கில் ஃபிரடெரிக் ஃபுரோபெல் தொடங்கிய நிலையம், 1840இல் ‘கிண்டர்கார்ட்டன்’ என்ற பெயர் பெற்றது. குழந்தைகளின் தோட்டம் என்பது அதன் பொருள். எழுத்துக்கு முந்தைய பருவத்தை, பள்ளிக்கான காத்திருப்பு அறையாக அன்றி, தனக்கே உரிய வளர்ச்சி கொண்ட பருவமாக ஃபுரோபெல் கண்டார். வழக்கறிஞராக இருந்து ஆசிரியரான கிஜுபாய் பதேகா, 1920இல் பவநகரில் பால மந்திர் தொடங்கினார். அவருடைய வழிகாட்டியான மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து பயிற்சி வகுப்பு நடத்தினார். போர் காரணமாக இந்தியாவிலேயே பல ஆண்டுகள் தங்க நேர்ந்தது.

இம்மரபைப் புரட்டிப் போட்டவர் கிஜுபாயின் உடன்பணியாளர் தாராபாய் மோடக். நகரத்து நடுத்தரக் குடும்பங்களின் குழந்தைகளுக்கே பயன்பட்டுவந்த முறையை அவர் 1945இல் போர்டி என்ற கடலோரச் சிற்றூருக்கும், பின்னர் 1957இல் வார்லி பழங்குடியினர் வாழும் கோஸ்பாட் குன்றுக்கும் கொண்டுசென்றார். உடன் நின்றவர் அனுதாய் வாக். பள்ளி கட்டிக் காத்திருந்தும் குழந்தைகள் வரவில்லை. எனவே ஆசிரியர்கள் குடியிருப்புகளின் முற்றத்துக்கே சென்றார்கள், குழந்தைகளைக் குளிப்பாட்டினார்கள், கிளிஞ்சல், விதை, கூழாங்கல் ஆகியவற்றைக் கற்றல் கருவிகளாக்கினார்கள். மாடு மேய்க்கும் சிறார்களுக்காக மேய்ச்சல் வெளியிலேயே பள்ளி நடந்தது. முற்றத்தைக் குறிக்கும் ‘அங்கன்’ என்ற சொல்லிலிருந்து பிறந்த ‘அங்கன்வாடி’ என்னும் பெயர், 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் வழியே நாடெங்கும் பரவியது. குழந்தை பள்ளிக்கு ஆயத்தமா என்ற கேள்வியை, பள்ளி குழந்தைக்கு ஆயத்தமா என்று கோஸ்பாட் திருப்பிப் போட்டது.

அரசியலமைப்பு இந்தத் திருப்பத்துக்கு இடம் கொடுத்திருந்தது. அதன் 45ஆம் பிரிவு முதலில் எழுதப்பட்டபோது, 14 வயது நிறைவடையும் வரை எல்லாக் குழந்தைகளுக்கும் கட்டணமில்லாக் கட்டாயக் கல்வி அளிக்க அரசு பத்தாண்டுக்குள் முயல வேண்டும் என்றது. 14 என்ற மேல்வரம்புக்கான காரணத்தை அம்பேத்கர் 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் விளக்கினார்: அவ்வயதுக்குட்பட்டோரை வேலைக்கு அமர்த்துவதை மற்றொரு பிரிவு தடுக்கிறது, வேலைக்குச் செல்லாத குழந்தை கல்வி நிலையத்தில் இருந்தாக வேண்டும். கீழ்வரம்பு எதையும் அப்பிரிவு சொல்லவில்லை. உன்னிகிருஷ்ணன் வழக்கில் 1993இல் உச்ச நீதிமன்றம் 14 வயது வரை கல்வியை அடிப்படை உரிமையாக அறிவித்தபோதும் கீழ்வரம்பு இல்லை. 2002இன் 86ஆம் திருத்தமே ‘6 முதல் 14 வரை’ என்று எழுதியது. ஆறு வயதுக்குட்பட்டோரின் பராமரிப்பும் கல்வியும் உரிமைப் பகுதியிலிருந்து விலக்கப்பட்டு, அரசு முயல வேண்டியவற்றின் பட்டியலில் வைக்கப்பட்டன. 2009இன் கல்வி உரிமைச் சட்டமும் 3 முதல் 6 வயதினருக்கு அரசு ஏற்பாடு செய்யலாம் என்ற அளவோடு நின்றது. ஓர் எண்ணைச் சேர்த்ததன் மூலம், கற்றலின் மிக நுண்ணிய ஆண்டுகள் சட்டத்தின் உறுதிமொழிக்கு வெளியே தள்ளப்பட்டன.

அந்த வெற்றிடத்தைச் சந்தை நிரப்பியது. கோத்தாரிக் குழு 1966இலேயே முதல் வகுப்புக்கு 6 வயது நிறைவடைந்திருக்க வேண்டும் எனப் பரிந்துரைத்திருந்தும், நகரங்களில் மூன்று வயதுக் குழந்தைக்கு நேர்காணல் நடந்தது. பெற்றோரின் கல்வியும் வருமானமும் குழந்தையின் ‘ஆயத்தம்’ என்ற பெயரில் அளக்கப்பட்டன. 1989இல் மாநிலங்களவையில் ஆர்.கே. நாராயண் ஆற்றிய கன்னிப்பேச்சு, பிள்ளைகளின் முதுகில் ஏறிய புத்தகச் சுமையைப் பற்றியது. 1993இல் வெளிவந்த யஷ்பால் குழு அறிக்கை, பாலர் பள்ளிச் சேர்க்கைக்கான தேர்வுகளையும் நேர்காணல்களையும் நிறுத்தப் பரிந்துரைத்தது. கல்வி உரிமைச் சட்டம் அவற்றைத் தடைசெய்து, முதல்முறை மீறலுக்கு 25,000 ரூபாய் வரை, அடுத்தடுத்த மீறல்களுக்கு 50,000 ரூபாய் வரை தண்டம் விதித்தது. வயதுச் சான்று இல்லை என்பதற்காக எந்தக் குழந்தைக்கும் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்றும் சொன்னது. காதைத் தொடும் சோதனை அத்துடன் சட்டப்படி ஓய்வு பெற்றது எனலாம்.

இன்றைய பூசல் தேதியைப் பற்றியது. 2020இன் தேசியக் கல்விக் கொள்கை 3 முதல் 8 வயது வரையுள்ள பருவத்தை ஒரே அடித்தளமாக வகுத்து, முதல் வகுப்பை 6 வயது நிறைவுக்குப் பின் வைத்தது. கேந்திரிய வித்யாலயங்கள் 2022இல் 5இலிருந்து 6க்கு மாறியபோது பெற்றோர் நீதிமன்றம் சென்றனர். உச்ச நீதிமன்றம் வரை மாற்றமே நிலைத்தது. 2023இல் குஜராத் உயர் நீதிமன்றம், மூன்று வயது நிறையாத குழந்தையைப் பாலர் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோரின் செயலே சட்டத்துக்குப் புறம்பானது என்று கூறி அவர்களின் மனுக்களைத் தள்ளுபடி செய்தது. தமிழ்நாடு 5 வயது நிறைவையே தொடர்கிறது.

ஆறா, ஐந்தா என்ற வாதத்தில் இரண்டு உண்மைகள் மறைந்துவிடுகின்றன. முதலாவது, எந்தத் தேதியை எல்லையாக வைத்தாலும் அதற்கு முந்தைய நாள் பிறந்த குழந்தையும், அதற்கு ஓராண்டு முன் எல்லையை மயிரிழையில் தவறவிட்ட குழந்தையும் ஒரே வகுப்பில் அமர்வார்கள். ஆறு வயதில் ஓராண்டு என்பது வாழ்நாளில் ஆறில் ஒரு பங்கு. ஏசர் அமைப்பு 2019இல் 26 மாவட்டங்களில் நடத்திய தொடக்கப் பருவ ஆய்வு, முதல் வகுப்பில் நான்கு வயது முதல் எட்டு வயது வரையுள்ள குழந்தைகள் ஒன்றாக அமர்ந்திருப்பதையும், மூத்தவர்கள் பணிகளைச் சிறப்பாகச் செய்வதையும் காட்டியது. ஒரே பாடம், ஒரே வேகம் என்ற வகுப்பில் இளையவரின் வயது ‘மந்தம்’ என்று தவறாகப் படிக்கப்படுகிறது.

இரண்டாவது உண்மை இன்னும் கடுமையானது. முதல் வகுப்பின் வயதை உயர்த்தும்போது, வசதியுள்ள குழந்தை மூன்று ஆண்டு பாலர் கல்வியோடு அங்கே வருகிறது. அக்கறையான அங்கன்வாடி கிடைக்காத குழந்தைக்கு அது ஓராண்டுக் காத்திருப்பு மட்டுமே. வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் ஓராண்டாகவும் அது அமையலாம். ஐந்திலேயே சேர்த்தால், ஐந்து வயதுக்கு உரியதல்லாத பாடம் அக்குழந்தைமேல் சுமத்தப்படுகிறது. எண்ணை மாற்றுவதற்குச் செலவில்லை. அந்த எண்ணுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளை நல்ல ஆண்டுகளாக்குவதற்கு ஆசிரியர், ஊதியம், இடம், உணவு அனைத்தும் வேண்டும். அதனால்தான் வரலாறு நெடுகிலும் விவாதம் எண்ணைச் சுற்றியே நடந்திருக்கிறது.

தலைக்கு மேல் வளைந்த அந்தச் சிறு கையை இப்போது யாரும் அளப்பதில்லை. அதன் இடத்தில் சான்றிதழின் தேதி இருக்கிறது. துல்லியம் கூடியிருக்கிறது. ஆனால் அளக்கப்படுவது இன்னமும் குழந்தையே, பள்ளியன்று. போர்டியிலும் கோஸ்பாட்டிலும் முற்றத்தில் வந்து அமர்ந்த ஆசிரியர்கள் விட்டுச்சென்ற கேள்விக்கு, அரை நூற்றாண்டுக்கும் மேலாகியும் எந்தச் சட்டப்பிரிவும் முழுமையான விடை எழுதவில்லை.