யார் இந்த பீட்டர் தங்கராஜ்? கொல்கத்தாவின் 3 பரம எதிரி கிளப்புகளுக்கும் கோல் காத்த கீப்பர்!

1962 செப்டம்பர் 4, ஜகார்த்தா. ஆசிய விளையாட்டு ஃபைனல். மைதானமே இந்தியாவுக்கு எதிரா கத்துது. காய்ச்சலில் இருந்து எழுந்து வந்த தங்கராஜ் கோல் போஸ்ட்டில் நின்றார். தென் கொரியாவை 2-1 என வீழ்த்தி தங்கம்! அதுக்கப்புறம் ஆசிய விளையாட்டு ஃபுட்பாலில் இந்தியாவுக்குத் தங்கமே இல்லை.

1935-ல் ஹைதராபாத்தில் பிறந்தவர். மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் டீமில் முதலில் சென்டர் ஃபார்வர்டு, பிறகுதான் கீப்பர். முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் மூன்றுக்கும் ஆடினார். எதிரணி ஆளைப் பாராட்ட மனசே வராத ஊர் கொல்கத்தா, ஆனா தங்கராஜ் மூணு தரப்புக்கும் சொந்தம். 1967-ல் அர்ஜுனா விருது.

2008 நவம்பர் 24-ல் பொகாரோவில் காலமானார். 2024-ல் வந்த 'மைதான்' படத்தில் அவராக நடித்தவர் தேஜஸ் ரவிசங்கர்.