சனி, ஞாயிறு யாருக்குச் சொந்தம்? வாலிபர் முகாம்களின் குட்டி வரலாறு

1/ மே மாசம் வந்தா போதும். ராயபுரத்துலேர்ந்து எண்ணூர் வரைக்கும் சர்ச் வாசல்கள்ல வாலிபர் முகாம் பேனர் தொங்கும். ரெண்டு நாள் சாப்பாடு, விளையாட்டு, பாட்டு, ஜெபம்.

"மதம் மாத்தத்தான் இதெல்லாம்"னு ஒரு தரப்பு. "ரெண்டு நாள்ல என்ன மாறிடப் போகுது"ன்னு இன்னொரு தரப்பு.

ரெண்டு கேள்வியுமே இருநூறு வருஷப் பழசு, மக்களே. பதில் தேடிப் பார்ப்போம்.

2/ 1780. இங்கிலாந்தின் க்ளாஸ்டர் நகரம். குண்டூசித் தொழிற்சாலைகள் நிறைந்த ஊர். சின்னப் பிள்ளைகள் வாரத்துல ஆறு நாள் வேலை செய்வாங்க. ஞாயிறு மட்டும் லீவு. அன்னிக்கு அவங்களுக்குப் போக இடமில்லை, பார்த்துக்க ஆளில்லை. தெருவே கதி.

அந்த ஊர்ப் பத்திரிகை முதலாளி ராபர்ட் ரெய்க்ஸ், சிறைகளுக்குப் போய் வந்தவர். ஜெயிலுக்கு வந்தபிறகு திருத்துவதைவிட, வராம தடுக்கறதே நல்லதுன்னு யோசிச்சார். அப்படிப் பிறந்ததுதான் சண்டே ஸ்கூல்.

அங்கே பைபிளோடு எழுத்தும் படிப்பும் கத்துக்கொடுத்தாங்க. வேலைக்குப் போகிற பிள்ளைக்கு அந்த ஒரு நாள்தான் பள்ளிக்கூடமே.

டாக்டர் பாஷையில சொன்னா, இது சிகிச்சை அல்ல, தடுப்பூசி.

3/ அடுத்து இத்தாலியின் டூரின். 1841ல் குருவான ஜான் போஸ்கோ, அங்குள்ள சிறைகளுக்குப் போனார். பதின்ம வயசுப் பசங்க. நல்ல ஆரோக்கியம், நல்ல மூளை. விடுதலையாகி வெளியே போவாங்க, கொஞ்ச நாள்ல திரும்பி உள்ளே வருவாங்க. ஏன்? வெளியே அவங்களுக்குன்னு ஒருத்தரும் இல்லை.

கிராமத்துலேர்ந்து கட்டட வேலைக்கு வந்த பசங்களை ஞாயிறுதோறும் கூட்டினார். பூசை, விளையாட்டு, பாட்டு, நடைபயணம். பிறகு இலையுதிர் காலத்துல பல நாள் பயணமா, பேண்டு வாத்தியத்தோடு கிராமம் கிராமமா அழைச்சிட்டுப் போனார். இன்னிக்கு நாம பார்க்கிற முகாமுக்கு இது பெரியப்பா.

4/ கதையில முக்கியமான இடம் இதுதான். ஞாயிறு மட்டும் போதாதுன்னு அவருக்குச் சீக்கிரமே புரிஞ்சிடுச்சு. திங்கட்கிழமை பசங்க அதே தெருவுக்கு, அதே பசிக்குத்தானே திரும்பறாங்க?

தங்க இடம் கொடுத்தார். முதலில் வந்து தங்கினவங்க போர்வையைச் சுருட்டிட்டு ஓடிட்டாங்க! கதவை மூடிடலை மனுஷன். 1847ல் மழையில நனைஞ்சு வந்த ஒரு அனாதைப் பையனைச் சேர்த்துக்கிட்டார், அவரோட அம்மா அடுப்படியில படுக்கை போட்டுக்கொடுத்தாங்க.

1852ல் ஒரு தச்சுப் பட்டறை முதலாளியோடு எழுத்து மூலம் ஒப்பந்தம் போட்டார். பையனுக்குத் தொழில் கத்துக்கொடுக்கணும், வாயால கண்டிக்கலாம், அடிக்கக் கூடாது, திருநாள்கள்ல லீவு விடணும். 170 வருஷத்துக்கு முன்னாடி ஒரு ஏழைப் பையனுக்கு இப்படி ஒரு பாதுகாப்பு!

5/ அதே காலகட்டம், 1856. நம்ம ராயபுரத்துலேர்ந்து வாலாஜா ரோட்டுக்குத் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்புது. பிறகு துறைமுகம், மில்லு, ஒர்க்‌ஷாப். டூரினுக்கு நடந்தது வடசென்னைக்கும் நடந்தது. உழைக்க வந்த குடும்பங்கள், நெருக்கமான வீடுகள், அப்பா அம்மா ரெண்டு பேரும் வேலைக்குப் போனா தெருவுல வளர்ற பிள்ளைகள்.

6/ போஸ்கோவின் சலேசியர்கள் 1906ல் தஞ்சாவூருக்கு வந்தாங்க. 1928ல் அவங்கள்ல ஒருவரான மெதர்லே சென்னைப் பேராயர் ஆனார். பெரம்பூர் டான் போஸ்கோ பள்ளியும், பேசின் பிரிட்ஜ் தொழிற்பயிற்சிக்கூடமும் நம்ம ஏரியாக்காரங்களுக்குத் தெரியும். 1960களில் ஆர்ஃபியோ மாந்தோவானி என்ற இத்தாலியப் பாதிரியார் வியாசர்பாடியில் ஆதரவற்றோருக்கான பணியைத் தொடங்கினார். 1967ல் காலமானார், பணி நிக்கலை.

7/ இன்னொரு கிளையும் உண்டு. 1885ல் அமெரிக்காவில் சம்னர் டட்லி, ஒய்.எம்.சி.ஏ சார்பில் ஏழே ஏழு பசங்களோடு ஏரிக்கரையில் கூடாரம் போட்டார். குடும்பத் தொழில் என்ன தெரியுமா? அறுவை சிகிச்சைக் கருவி தயாரிப்பு! (நம்ம ஆளு.) 1890ல் டேவிட் மெக்கானகி சென்னையில் ஒய்.எம்.சி.ஏவைத் தொடங்கினார். ஹைகோர்ட்டுக்கு எதிரே அந்தச் சிவப்புக் கட்டடம் இன்னும் நிக்குது.

8/ இப்ப மருத்துவம். பதின்ம வயசுல உணர்ச்சி, பரபரப்பைத் தேடும் மூளைப் பகுதிகள் முதல்லயே சூடு பிடிச்சிடும். யோசிச்சு பிரேக் போடும் முன்மூளை முழுசா முதிர 20களின் நடுப்பகுதி ஆகும். ஆக்ஸிலரேட்டர் ரெடி, பிரேக் இன்னும் ஃபிட்டிங்ல இருக்கு. அந்த இடைவெளியில பிள்ளைக்குத் தேவை நம்பகமான ஒரு பெரியவர். ஒருத்தர் போதும்.

அரசு மருத்துவமனை கேஷுவாலிட்டியில வேலை பார்க்கிற யாரைக் கேட்டாலும் சொல்வாங்க: வார இறுதி ராத்திரிகள்ல வர்ற பதினாறு, பதினேழு வயசுப் பசங்களோட யார் வந்திருக்காங்கன்னு கேட்டா, பெரும்பாலும் "ஃப்ரெண்ட்" தான்.

9/ அதனால முகாம் நடத்தும் அண்ணன்களே, அக்காக்களே, சில விஷயங்கள்:

• ஒரு பிள்ளையோடு ஒரு பெரியவர் மூடின அறையில தனியா இருக்கவே கூடாது. எப்பவும் ரெண்டு பேர்.

• பிள்ளையோட காயத்தை மேடையில "சாட்சி"யா சொல்ல வைக்காதீங்க. கைதட்டல் ரெண்டு நிமிஷம். தெருவுல அந்தப் பேச்சு வருஷக்கணக்கா நிக்கும்.

• பாலியல் கொடுமை தெரிய வந்தா சபைக்குள்ளே பேசி முடிக்கிற விஷயம் இல்லை. 2012 போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தெரிவிப்பது கட்டாயம். 1098 நினைவில் இருக்கட்டும்.

• சோத்துக்கு விலையா விசுவாசத்தைக் கேட்காதீங்க. ஜெபத்துக்கு வராத பையனுக்கும் அதே பிரியாணி, அதே இடம்.

• பசங்க ஃபோன் நம்பரை வாங்கி வைங்க. செவ்வாய்க்கிழமை ஒரு போன் போடுங்க.

10/ ரெண்டு நாள்ல என்ன மாறும்? தனியா அந்த ரெண்டு நாளால பெருசா எதுவும் மாறாது. ரெய்க்ஸ் எழுத்தைச் சேர்த்தார், போஸ்கோ படுக்கையையும் வேலையையும் சேர்த்தார். அப்புறம்தான் அது வேலை செஞ்சது.

உங்க முகாமுக்குப் பிறகு வர்ற திங்கட்கிழமைக்கு என்ன திட்டம்? பேனர் அடிக்கிறதுக்கு முன்னாடி அதை முடிவு பண்ணிடுங்க.