தேற்றாங்கொட்டையும் சிங்கப்பூர்க் கிணறும்

கலங்கிய நீரைத் தெளிய வைப்பதற்கு நம் முன்னோர் தேடிச் சென்ற பொருள் தேற்றாங்கொட்டை. மண்பானையின் உட்புறத்தில் அதைத் தேய்த்து நீரை ஊற்றி வைத்தால், சில மணி நேரத்தில் சேறு அடியில் தங்கிவிடும். பிரிவால் அறிவு கலங்கிய ஒருத்தி, தலைவன் வந்ததும் தெளிந்தாள் என்று சொல்லவந்த கலித்தொகைப் புலவருக்கு இந்தக் கொட்டையே உவமையாயிற்று. தேற்றுதல் என்றாலே தெளியச் செய்தல்தானே! செய்யும் தொழிலையே மரத்துக்குப் பெயராக வைத்துவிட்டார்கள். இம்மரம் எட்டிக்கு நெருங்கிய உறவு என்பது ஒரு வேடிக்கை.

நீரில் மிதக்கும் களிமண் துகள்கள் எல்லாம் எதிர்மின்னூட்டம் உடையவை. ஆகவே ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு, படியாமல் அலைகின்றன. தேற்றாங்கொட்டையின் பசைப்பொருள் அவற்றைப் பிணைத்துக் கட்டிகளாக்குகிறது. கனம் கூடியதும் அவை இறங்கிவிடுகின்றன. இன்றைய நீர்நிலையங்களில் படிகாரம் செய்யும் வேலையும் ஏறக்குறைய இதுதான்.

இந்த அறிவு பிறந்தது ஏரியும் குளமும் மழைக்குக் கலங்கும் நாட்டில். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிங்கப்பூருக்கு வந்த தமிழரை எதிர்நோக்கியிருந்ததோ வேறு வகை ஆபத்து. அன்று நகரம் கிணற்றை நம்பி வாழ்ந்தது. ஆன் சியாங் குன்றின் கிணற்று நீர் மாட்டு வண்டியில் வந்ததால்தான் ஒரு வட்டாரத்துக்கே கிரேத்தா ஆயர், அதாவது ‘நீர் வண்டி’, என்று மலாயில் பெயர் வந்தது. சிராங்கூன் சாலைப் பக்கமோ மாட்டுக் கொட்டில்கள் மிகுந்த இடம். கண்டாங் கெர்பாவ் என்ற பெயருக்கு எருமைக் கொட்டில் என்றே பொருள். 1907இல் வெளியான பேராசிரியர் சிம்சனின் சுகாதார அறிக்கை, நெருக்கமான வீடுகளையும், மலம் அகற்ற வழியில்லாத நிலையையும் விரிவாகக் காட்டியது. அத்தகைய ஊரில் கிணற்று நீர் கண்ணுக்குப் பளிங்காகத் தெரிந்தால் மட்டும் போதுமா?

1884இல் கல்கத்தாவில் ராபர்ட் காக், மக்கள் புழங்கிய குளத்து நீரிலேயே காலராக் கிருமியைக் கண்டார். சேற்றோடு சேர்ந்து கிருமிகளில் பெரும்பகுதி இறங்கினாலும், மிஞ்சியவை கொல்லப் போதும். தெளிவு வேறு, தூய்மை வேறு. இங்கேதான் கொட்டையின் எல்லை முடிகிறது. அது பாட்டியின் குற்றமல்ல. அவளிடம் நுண்ணோக்கி இல்லை.

நல்ல நீருக்காகச் செல்வர் டான் கிம் செங் 1857இல் 13,000 டாலர் தர முன்வந்தார். தாம்சன் சாலை நீர்த்தேக்கம் (பின்னாளில் மெக்ரிச்சி) 1868இல் முடிந்தும், நகருக்குள் குழாய்நீர் வர 1878 ஆயிற்று! பின்னர் மேல் சிராங்கூன் சாலையருகே உட்லீயிலும் மணல் வடிகட்டிகள் அமைந்தன. மணலின் மேற்பரப்பில் படரும் உயிர்ப்படலம் கிருமிகளையும் பிடித்துக்கொள்கிறது. கொட்டையால் ஆகாத வேலை அது.

ஆயினும் கொட்டையின் கதை முடிந்துவிடவில்லை. சூடான் நாட்டுப் பெண்கள் நைல் நதி நீரை முருங்கை விதையால் தெளிவிப்பதை, 1970களில் சாமியா அல் அசாரியா ஜான் என்ற அறிஞர் ஆராய்ந்து உலகறியச் செய்தார். அவ்விதையின் புரதம் நேர்மின்னூட்டம் உடையது. முற்றிய விதை ஒன்றைத் தோல் நீக்கி இடித்து, ஒரு லிட்டர் நீரில் கரைத்து, முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் கலக்கி, இரண்டு மணி நேரம் அசையாமல் வையுங்கள். மேல்நீரை மட்டும் இறுத்துத் துணியில் வடிகட்டி, பிறகு தவறாமல் கொதிக்க வையுங்கள்.