குப்பம்மாள் என்று ஏன் பேர் வைத்தார்கள்?

எங்கள் ஊர்ப் பக்கம் எழுபது வயது தாண்டினவர்களின் பேரைக் கேட்டால், தெருவுக்கு ஒரு குப்பம்மாள், ஒரு குப்புசாமி, ஒரு பிச்சை வந்துவிடுவார்கள். டவுனில் இருந்து வருகிற நண்பர்கள் கேட்டுச் சிரிப்பாங்க. முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்காமல் போன வீட்டில், அடுத்த பிள்ளையைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுத்து, அந்தப் பேரை வைப்பார்கள். குப்பை என்று நினைத்து எமன் விட்டுவிடுவான் என்ற நம்பிக்கை.

கிராமத்தில் அன்றைக்குக் குப்பை என்றால் பிளாஸ்டிக் கவர் இல்லைங்க. மாட்டுச்சாணி, கூளம், அடுப்புச் சாம்பல் எல்லாம் மட்குகிற எருக்குழி. எந்தச் சாவுக்குப் பயந்து பிள்ளையை அங்கே கிடத்தினார்களோ, அதில் ஒன்று அந்த எருவிலேயேதான் இருந்தது. அவர்களுக்கு அது தெரிய வழியே இல்லை.

அந்த நோய் ரணஜன்னி, அதாவது டெட்டனஸ். அதன் கிருமி மாடு, குதிரை குடலில் இருக்கும். சாணியோடு மண்ணுக்கு வந்து, வித்து மாதிரி ஓடு கட்டிக்கொண்டு வருஷக்கணக்கில் கிடக்கும். வெயிலுக்கும் வறட்சிக்கும் அசையாது. காற்றுப் புகாத காயம் கிடைத்தால் முளைத்து விஷம் கக்கும்.

பச்சைப் பிள்ளைக்கு அந்தக் காயம் தொப்புள்கொடிதான். வீட்டுப் பிரசவத்தில் கையில் கிடைத்த அரிவாளாலோ மூங்கில் சிம்பாலோ கொடியை அறுப்பார்கள். அறுத்த இடத்தில் சாம்பலோ சாணியோ வைக்கிற வழக்கமும் பல இடங்களில் இருந்தது. பிள்ளை முதல் இரண்டு நாள் நன்றாக அழும், பால் குடிக்கும். பிறகு ஒரு நாள் வாய் திறக்காது. உடம்பு வில்லாக வளையும். தொட்டால், சத்தம் கேட்டால் வெட்டி இழுக்கும். பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் வரும் என்பதால் பல நாடுகளில் இதற்கு 'எட்டாம் நாள் நோய்' என்று பேர். நம்ம ஊரில் தோஷம், காத்து கருப்பு என்றார்கள்.

1884-ல் ஜெர்மனியில் நிக்கோலாயர் என்பவர், மண்ணில் இருந்தே இந்த நோயை விலங்குகளுக்கு வரவைக்க முடியும் என்று காட்டினார். 1889-ல் ஜப்பானியரான கிடசாட்டோ கிருமியைத் தனியாகப் பிரித்தெடுத்தார். அடுத்த வருஷமே அவரும் பேரிங்கும் விஷமுறிவு மருந்துக்கு வழி கண்டார்கள். முதல் உலகப்போரில் பிரான்ஸ், பெல்ஜியத்தில் காயம்பட்ட சிப்பாய்களுக்கு ரணஜன்னி நிறைய வந்தது. காலங்காலமாகச் சாணி உரம் போட்ட வயல்களில் நடந்த சண்டை அது. அந்த மருந்து போட ஆரம்பித்ததும் நோய் வெகுவாகக் குறைந்தது. 1920-களில் தடுப்பூசியே வந்துவிட்டது.

ஆனால் அது நம் தாய்மார்களிடம் வந்து சேர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆச்சு. 1988-ல்கூட உலகம் முழுக்க சுமார் 7,87,000 பச்சைக் குழந்தைகள் இதில் போனதாக உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. கர்ப்பிணிக்கு ஊசி, சுத்தமான பிளேடு, கழுவின கை, ஆஸ்பத்திரி பிரசவம்: இதையெல்லாம் கிராமம் கிராமமாகக் கொண்டுபோன நர்சம்மாக்களால் நிலைமை மாறியது. 2015-ல் இந்தியா இந்த நோயை ஒழித்ததாக அறிவிக்கப்பட்டது. ஒழிப்பு என்றால் ஒவ்வொரு மாவட்டத்திலும் 1000 பிறப்புக்கு ஒன்றுக்கும் குறைவு என்று அர்த்தம். கிருமி மண்ணில் அப்படியேதான் இருக்கிறது.

இன்றைக்கு இதை எழுதக் காரணம் உண்டு. இயற்கை வாழ்க்கை என்ற பேரில் வீட்டிலேயே பிரசவம், தடுப்பூசி வேண்டாம் என்கிற பேச்சு படித்தவர்களிடம் பரவுகிறது. நானும் ஜீவாமிர்தம் கலக்குகிறவன்தான், சாணி இல்லாமல் என் வயல் இல்லை. அதனால்தான் சொல்கிறேன். அம்மை மாதிரி இது ஆளுக்கு ஆள் தொற்றாது. ஆகவே ஊரே ஊசி போட்டிருந்தாலும் போடாத பிள்ளைக்குப் பாதுகாப்பு கிடையாது. தாய் போட்டுக்கொண்ட ஊசியின் எதிர்ப்புச் சக்தி வயிற்றுப் பிள்ளைக்கும் போகும், ஆனால் சில மாதங்கள்தான் தாங்கும். பிறகு பிள்ளைக்கென்று தனி ஊசி வேண்டும்.

அரசு அட்டவணைப்படி 6, 10, 14 வாரங்களில் ஊசி. 16 முதல் 24 மாதத்துக்குள் ஒன்று, 5 வயதில் ஒன்று, 10 வயதிலும் 16 வயதிலும் ஒவ்வொன்று. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்தான். கைக்குழந்தைக்குப் போட்டதோடு மறந்துவிடுகிற வீடுகள் அதிகம். லீவுக்குப் பிள்ளைகளை வயலுக்குக் கூட்டி வாங்க, வெறுங்காலோடு சேற்றில் ஆடட்டும். கிளம்புவதற்கு முன்னால் தடுப்பூசி அட்டையை எடுத்து, கடைசியாகப் போட்ட தேதியை ஒருதரம் பார்த்துவிடுங்கள்.