மணிக்கூட்டு வாரின் கதை: தோல், றப்பர், உருக்கு, நைலோன்



மணிக்கூடு நல்லா ஓடிக்கொண்டிருக்கும், வார் அறுந்து தொலைந்துவிடும். கடலுக்கும் வயலுக்கும் போகிற வீடுகளில் இது புதிய கதை இல்லை. எந்த வார் எங்கே தோற்கிறது என்பதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அதைக் கொஞ்சம் பார்ப்போம்.

நூறு, நூற்றிருபது வருடங்களுக்கு முன்னர் ஐரோப்பிய ஆண்கள் மணிக்கூட்டைச் சட்டைப் பையில்தான் வைத்திருந்தார்கள். கையில் கட்டுவது பெண்களின் நகை என்று நினைத்தார்கள். அதை மாற்றியது யுத்தம். தென்னாபிரிக்காவில் நடந்த போயர் யுத்தத்தில் (1899–1902) பிரித்தானியச் சிப்பாய்கள் சிலர் பை மணிக்கூட்டைத் தோல் உறையில் போட்டு மணிக்கட்டில் கட்டினார்கள். முதலாம் உலக யுத்தத்தில் பதுங்கு குழிகளில் அது வழக்கமாகிவிட்டது. ஒரு கையில் துவக்கோடு நிற்பவன் மற்றக் கையைப் பைக்குள் விட்டு நேரம் பார்க்க முடியாதே.

அந்தத் தோல் வார் குளிர் நாட்டுக்குச் சரி. நம்ம கரையில் வியர்வை, உப்புக் காற்று, ஐந்து நேர வுழூ. ஈரம் காயுமுன் திரும்ப நனைகிற தோல் எண்ணெய்ப் பசை போய் இறுகி வெடிக்கும். பல நேரம் தோலுக்கு முன்னரே தைத்த நூல் உக்கிவிடும். கலியாணத்துக்கும் கந்தோருக்கும் தோல் வார் அழகு. வரம்பு கட்டுகிற கைக்கு அது உதவாது.

றப்பருக்கு நம்ம நாட்டில் பழைய உறவு. 1876இல் கன்றுகள் வந்து இறங்கியது கம்பஹா, ஹெனரத்கொட தாவரவியல் பூங்காவில். றப்பர் வாருக்குத் தண்ணீர் பயமில்லை, வெயில்தான் எதிரி. வெயிலும் காற்றில் உள்ள ஓசோனும் பட்டுப்பட்டு, வளைகிற இடத்தில் மெல்லிய வெடிப்பு விழும். கடைசியில் பக்கிள் ஓட்டையில் அறும். 1989இல் வந்த கெசியோ எஃப்-91டபிள்யூ போன்றவற்றின் பிளாஸ்டிக் வார் மலிவு, இலேசு, வியர்வையையும் தாங்கும். ஆனால் பொலியூரிதேன் வகை வார்கள் ஈரக் காற்றில் மெல்ல மெல்லச் சிதையும். அலுமாரிக்குள் பத்திரமாக வைத்தாலும் வருடங்கள் போனால் உதிர்ந்துவிடும்.

1970களின் நடுப்பகுதியில் இருந்து நம்ம ஆட்கள் சவூதி, குவைத், கட்டார் என்று போகத் தொடங்கினார்கள். திரும்பி வந்த கைகளில் செயின் போட்ட சீகோ 5 மின்னியது. துருப்பிடிக்காத உருக்கு அறுந்து போவது அரிது. அதிலும் மொலிப்டினம் கலந்த 316எல் வகை கடல் உப்பை நன்றாகத் தாங்கும். அதன் பலவீனம் மூட்டுகளில். மணலும் அழுக்கும் அங்கே சேர்ந்து அரத்தாள் மாதிரித் தேய்க்கும், செயின் தொளதொளக்கும். பழைய பல் பிரஷ், நல்ல தண்ணீர், கொஞ்சம் சவர்க்காரம்: இதற்கு மருந்து அவ்வளவுதான்.

நைலோனை அமெரிக்காவின் டியூபொன்ட் நிறுவனம் 1938இல் அறிவித்தது. இரண்டாம் உலக யுத்தத்தில் அது பரசூட் ஆனது. 1973 நவம்பரில் பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சு இராணுவ மணிக்கூட்டுக்கு நைலோன் வார் எப்படி இருக்கவேண்டும் என்று விதி எழுதியது. மருதமுனைத் தறிக்காரருக்கு அதைப் பார்த்தவுடனே விளங்கும்: இறுக்கமாக நெய்த ஒரே நாடா. பிரிந்து போகாமல் வெட்டிய முனையையும் ஓட்டைகளையும் சூட்டில் உருக்கி அடைத்திருக்கும். நனைந்தால் உக்காது. கழுவாவிட்டால் மணக்கும், அவ்வளவுதான்.

அதன் உண்மையான கெட்டித்தனம் வேறு இடத்தில். மணிக்கூட்டின் இரண்டு பக்கத்துப் பின்களுக்குள்ளாலும் ஒரே நாடா போகிறது. ஒரு பின் கழன்றாலும் மற்றது மணிக்கூட்டைப் பிடித்துக்கொள்ளும். சாதாரண இரண்டு துண்டு வாரில் ஒரு பின் போனால் மணிக்கூடே போய்விடும்.

ஆகவே, விலை கூடிய வார் வாங்குமுன் அந்தச் சின்னப் பின்னைப் பாருங்கள். உப்பில் துருப்பிடித்து உள்ளே இருக்கும் சுருள் கம்பி இறுகியிருந்தால் உடனே மாற்றுங்கள். அது மலிவான சாமான்.

வாப்பா வெளிநாட்டில் இருந்து கொண்டுவந்த மணிக்கூடு உங்கள் வீட்டிலும் இருக்கலாம். எத்தனை வருட வெயிலில் நின்று உழைத்து வாங்கியது! சின்னப் பின் ஒன்றுக்காக அது கடலில் போய்விடக் கூடாது.