ஸ்பீக்கரே இல்லாத கம்ப்யூட்டர் பாடின கதை... கீக்குகளுக்கு எலக்ட்ரானிக் மியூசிக் மேல ஏன் இவ்வளவு மோகம்?

1975 ஏப்ரல் மாதம். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் உள்ள மென்லோ பார்க். வீட்டிலேயே சொந்தமா கம்ப்யூட்டர் வச்சிக்கணும் என்று கனவு கண்டவர்களின் 'ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப்' கூட்டம் நடக்குது. ஸ்டீவ் டாம்பியர் என்ற உறுப்பினர் தன்னுடைய 'ஆல்டேர் 8800' கம்ப்யூட்டரைத் தூக்கிட்டு வந்திருந்தார்.

அதில் கீபோர்டு கிடையாது, ஸ்கிரீன் கிடையாது, ஸ்பீக்கரும் கிடையாது. முன்பக்கம் வரிசையா ஸ்விட்சுகள், மினுக் மினுக் என்று எரியும் சின்ன லைட்டுகள். அவ்வளவுதான். புரோகிராமை ஒவ்வொரு ஸ்விட்சா தட்டித் தட்டித்தான் உள்ளே ஏத்தணும். டாம்பியரும் பொறுமையா தட்டினார். நடுவில் யாரோ ஒயரைத் தடுக்கிவிட்டதில் கரண்ட் போய் எல்லாம் அழிஞ்சுபோக, மறுபடியும் முதல்ல இருந்து.

முடிச்சதும் கம்ப்யூட்டர் பக்கத்தில் ஒரு ரேடியோவை வைத்தார். ரேடியோவில் இருந்து பீட்டில்ஸ் குழுவின் 'தி ஃபூல் ஆன் தி ஹில்' பாட்டின் மெட்டு வந்தது. அது முடிஞ்சதும் 'டெய்சி' பாட்டு. 1961-ல் பெல் லேப்ஸ் ஆய்வுக்கூடத்தில் கம்ப்யூட்டர் ஒன்று பாடிக் காட்டிய அதே பாட்டு. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

எப்படி நடந்தது? கம்ப்யூட்டர் வேலை செய்யும்போது அதிலிருந்து கசியும் மின்காந்த அலைகளை, பக்கத்தில் இருக்கும் ரேடியோ பிடித்து இரைச்சலாகக் கொடுக்கும். வேறு யாராவதா இருந்தா "என்னடா கரகரன்னு தொல்லை" என்று ரேடியோவைத் தள்ளி வச்சிருப்பாங்க. டாம்பியர் அந்த இரைச்சலை ஆராய்ந்தார். எந்தக் கட்டளையை எவ்வளவு வேகத்தில் சுத்தவிட்டால் எந்த ஸ்வரம் வரும் என்று கண்டுபிடித்து, அதை எழுதி வெளியிடவும் செய்தார்.

கீக்குகளுக்கும் எலக்ட்ரானிக் இசைக்கும் உள்ள உறவு புரியணும்னா இந்த ஒரு சம்பவமே போதும்.

யார் இந்த கீக்?

ஒரு விஷயம் பிடிச்சுப்போச்சுன்னா அதை அக்குவேறு ஆணிவேறா பிரிச்சு மேயுறவங்கதான் கீக். முன்னாடி இது கேலி வார்த்தை. இப்போ சிலர் டி-ஷர்ட்டிலேயே போட்டுக்கிறாங்க. கம்ப்யூட்டர், வீடியோ கேம், அறிவியல் புனைகதை, கோடிங் என்று இவர்களின் உலகம் தனி.

"கோடிங் பண்ணும்போது பாட்டு வரி இருந்தா கவனம் சிதறும், அதனாலதான் எலக்ட்ரானிக் மியூசிக் கேட்கிறோம்" என்று ஐடி நண்பர்கள் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனா அது மேலோட்டமான காரணம். இந்த இசையைக் கேட்பதோடு நிறுத்தாமல் கழட்டியும் பார்க்கலாம் என்பதுதான் அவர்களை உண்மையில் இழுப்பது.

மூணே மூணு குரல்

1982-ல் வந்த கொமடோர் 64 கம்ப்யூட்டரில் ஒலிக்காக 'சிட்' என்ற சிப் இருந்தது. பாப் யானஸ் வடிவமைத்தது. அதனால் ஒரே நேரத்தில் மூன்று ஒலிகளைத்தான் எழுப்ப முடியும். ஒரு கேமுக்கு மெட்டு வேணும், பேஸ் வேணும், தாளம் வேணும், நடுவில் மூன்று ஸ்வரம் சேர்ந்த கார்டும் வேணும். மூன்று குரலுக்குள் எப்படி அடக்குவது?

ஸ, க, ப மூன்றையும் சேர்த்து ஒலிக்க முடியாதா? சரி, ஒரே குரலில் ஸ-க-ப, ஸ-க-ப என்று நொடிக்கு 50 முறை வரை மாத்திக்கிட்டே இரு. சினிமாவில் நொடிக்கு 24 படம் ஓடும்போது கண்ணுக்கு அசைவாகத் தெரிவது போல, காதுக்கு அது ஒரு கார்டு மாதிரி கேட்கும். காது முழுசா ஏமாறாது, ஒரு நடுக்கம் இருக்கும். பழைய வீடியோ கேம்களில் கேட்கும் அந்த 'டிர்ர்' நடுக்கம் இதுதான். ராப் ஹப்பார்ட், மார்ட்டின் கால்வே போன்றவர்கள் இந்த மூன்று குரலில் போட்ட கேம் இசைக்கு இன்னைக்கும் ரசிகர்கள் இருக்காங்க. சிப்பின் குறையைத் தாண்ட செய்த தந்திரம், 'சிப்ட்யூன்' என்ற தனி இசைவகைக்கே அடையாளமாகிவிட்டது.

பாட்டுக்குள்ளேயே ரெசிபி

அடுத்து நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. 1987-ல் ஜெர்மனியைச் சேர்ந்த கார்ஸ்டன் ஒபார்ஸ்கி, அமிகா கம்ப்யூட்டருக்காக 'அல்டிமேட் சவுண்ட்டிராக்கர்' என்ற மென்பொருளை எழுதினார். நான்கு சேனல். ஸ்வரங்கள் எழுத்தும் எண்ணுமாக மேலிருந்து கீழே ஓடும். பார்த்தால் இசைக் குறிப்பு மாதிரி இருக்காது, கணக்கு நோட்டு மாதிரி இருக்கும். கீக்குகள் விடுவாங்களா?

இந்த வகை 'டிராக்கர்' மென்பொருளில் செய்த பாட்டு 'மாட்' ஃபைலாக சேமிக்கப்படும். எம்பி3 ஃபைலில் இருப்பது முடிந்துபோன பாட்டு, கேட்க மட்டும்தான் முடியும். மாட் ஃபைலில் டிரம் ஒலி தனியா, பேஸ் ஒலி தனியா, எந்த ஸ்வரம் எப்போ வரணும் என்ற பட்டியல் தனியா, எல்லாமே உள்ளே இருக்கும். ஹோட்டல் சாம்பாரை வாங்கினா கூடவே மாஸ்டரோட ரெசிபியும் அளவும் பொட்டலத்துக்குள்ள வர்ற மாதிரி.

மியூசிக் கிளாஸ் போக வசதி இல்லாத ஐரோப்பிய டீன்ஏஜ் பசங்க பலர், அடுத்தவர் ஃபைலைத் திறந்து பார்த்தே இசை கற்றார்கள். ஒலிகளின் பெயரை எழுத வேண்டிய இடத்தில் நண்பர்களுக்கு வணக்கம் சொல்வது, போட்டியாளரைக் கலாய்ப்பது என்று ஒரு தனி வழக்கமே உருவானது. கையில் இருக்கும் கம்ப்யூட்டரைக் கசக்கிப் பிழிந்து இசையோடு படம் காட்டும் இந்தக் கூட்டத்துக்கு 'டெமோசீன்' என்று பெயர். 64 கேபி, 4 கேபி அளவுக்குள் முழு நிகழ்ச்சியும் அடங்கணும் என்று போட்டிகள் நடக்கும். உங்க வாட்ஸ்அப்பில் வரும் ஒரு குட் மார்னிங் படமே அதைவிடப் பெருசா இருக்கும். 2020-ல் பின்லாந்து தன்னுடைய தேசிய வாழும் மரபுப் பட்டியலில் டெமோசீனைச் சேர்த்தது.

விலை போகாத பெட்டி, வெடித்த இசை

இது லேப், கிளப் பசங்க கதை மட்டும் இல்லை. ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1981-ல் கொண்டுவந்த 'டிபி-303', கிதார் வாசிப்பவருக்குப் பக்கத்துணையாக பேஸ் வாசிக்க செய்த பெட்டி. நிஜ பேஸ் கிதார் போலவே ஒலிக்கவில்லை, சரியா விற்கவும் இல்லை. 1984-ல் உற்பத்தியை நிறுத்திட்டாங்க. செகண்ட் ஹேண்ட் கடையில் சல்லிசாகக் கிடைத்த அந்தப் பெட்டியை சிகாகோவின் கறுப்பின இளைஞர்களான 'ஃபியூச்சர்' குழுவினர் வாங்கி, இஷ்டத்துக்குத் திருகினார்கள். 1987-ல் வந்த அவர்களின் 'ஆசிட் டிராக்ஸ்' தான் 'ஆசிட் ஹவுஸ்' என்ற இசை அலைக்கே பெயர் கொடுத்தது.

பக்கத்தில் டெட்ராய்ட் நகரத்தில் ஹுவான் ஆட்கின்ஸ். ஆல்வின் டாஃப்லரின் 'தி தேர்ட் வேவ்' புத்தகம் அவரை ரொம்ப பாதித்தது. 'டெக்னோ' என்ற பெயர் ஒட்டிக்கொண்டதில் அந்தப் புத்தகத்துக்கும் பங்கு உண்டு. எதிர்காலம் பற்றிய புத்தகத்தைப் படிச்சுட்டு டான்ஸ் மியூசிக் போடுறவர் கீக் இல்லாம வேற யாரு?

"மெஷின்தானே வாசிக்குது?"

இந்த இசைக்கு எதிரா எப்பவும் வரும் கேள்வி இது. இதனால் நஷ்டப்பட்டவர்களும் உண்டு. பிபிசியின் 'டாக்டர் ஹூ' தொடரின் தொடக்க இசையை 1963-ல் உருவாக்கியவர் டீலியா டெர்பிஷயர். கேம்பிரிட்ஜில் கணிதமும் இசையும் படித்தவர். ரான் கிரெய்னர் எழுதிக்கொடுத்த மெட்டுக்கு, அவர் ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனியாக டேப்பில் பதிவு செய்து, வேகத்தைக் கூட்டிக் குறைத்து, பிளேடால் வெட்டி ஒட்டினார். தன் வருமானத்தில் அவருக்குப் பங்கு கொடுக்க கிரெய்னர் விரும்பியும் பிபிசி விதி இடம் கொடுக்கவில்லை. டெர்பிஷயர் 2001-ல் இறந்தார். திரையில் அவர் பெயர் வந்தது 2013-ல், தொடரின் 50-ம் ஆண்டு சிறப்புப் படத்தில்.

இப்போ ஏஐ வந்து ஒரு வரி டைப் செய்தாலே முழுப் பாட்டும் ரெடி என்கிறது. கீக்குகள் குஷியாகத்தானே இருப்பாங்க என்று தோணும். பலர் அப்படி இல்லை, அதில் நியாயமும் இருக்குன்னு நினைக்கிறேன். மாட் ஃபைலைத் திறந்தால் உள்ளே இருப்பது தெரியும். ஏஐ கொடுக்கும் பாட்டில் எந்த ஸ்வரம் ஏன் அங்கே வந்தது என்று பிரிச்சுப் பார்க்க வழி இல்லை. மூடின டப்பா அது.

இதற்கு நேர் எதிரா 'அல்கோரேவ்' நிகழ்ச்சிகள் நடக்கின்றன. மேடையில் கலைஞர் லேப்டாப்பில் கோடு எழுத எழுத இசை வரும். பின்னாடி பெரிய திரையில் அந்தக் கோடு அப்படியே ஓடும். தப்பா டைப் செய்தா அதையும் கூட்டம் பார்க்கும். ஒளிச்சு வைக்க எதுவும் இல்லை.

நீங்களும் செய்யலாம்

'ஸ்ட்ரூடல்' மொபைல் பிரவுசரிலேயே ஓடும். லேப்டாப் இருந்தா, சாம் ஆரன் உருவாக்கிய 'சோனிக் பை' மென்பொருள் இலவசம். பள்ளிப் பிள்ளைகளை மனதில் வைத்து செய்தது. 'பிளே 60' என்று ஆங்கிலத்தில் அடித்து ரன் கொடுங்க. 1983-ல் வந்த 'மிடி' என்ற பொது முறையில் 60 என்பது கீபோர்டின் நடு 'சி' ஸ்வரம். அடுத்த வரியில் 'ஸ்லீப் 0.5', அதற்கடுத்து 'பிளே 64'. ஒரு ஸ்வரம், அரை வினாடி இடைவெளி, இன்னொரு ஸ்வரம் கேட்கும். 64-ஐ 63 ஆக்கிப் பாருங்க. மெட்டின் முகமே வாடிவிடும்.