வேலைக்கு வழி சொன்னவர்கள்

வேலை தேடுபவரும் வேலை தருபவரும் பெரும்பாலும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். இருவருக்கும் நடுவே சேதி சொல்ல மூன்றாமவர் ஒருவர் தேவைப்படுகிறார். அந்த மூன்றாமவர் யார், அவருக்குக் கூலி கொடுப்பவர் யார், அவர் சொன்ன சேதி பொய்த்துப்போனால் பொறுப்பேற்பவர் யார் என்னும் மூன்று வினாக்களைக் கையில் வைத்துக்கொண்டு நம் மண்ணின் வேலைதேடல் வரலாற்றை நோக்கினால், இன்றைய இணைய வேலைவாய்ப்புத் தளங்கள் அவ்வரலாற்றின் அண்மைப் பக்கமே என்பது விளங்கும்.

தென்காசியை அடுத்த சுந்தரபாண்டியபுரத்தை இங்கு நாம் நிற்கும் இடமாகக் கொள்வோம். பாண்டியர் பெயரைத் தாங்கிய இவ்வூரைப் பலரும் சூரியகாந்தி வயல்களாலும், 1992இல் வெளிவந்த ‘ரோஜா’, 2005இல் வெளிவந்த ‘அந்நியன்’ ஆகிய திரைப்படங்களாலுமே அறிவர். படம் பிடிக்க வருவோர் காணும் பசுமைக்கு அப்பால் இன்னொரு உண்மை உண்டு. குளத்தையும் கிணற்றையும் நம்பிய இவ்வட்டாரத்தில், வானம் பொய்த்தால் ஆண்கள் வெளியூருக்குப் பிழைக்கப் போவதும், பெண்கள் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றுவதும் நெடுநாள் வழக்கம். எங்கே வேலை இருக்கிறது என்னும் சேதி, மழைச் சேதிக்கு அடுத்தபடியாக இங்கு மதிக்கப்பட்டு வந்துள்ளது.

இச்சேதியை ஓர் இலக்கிய வகையாகவே வளர்த்தெடுத்த மொழி நம்முடையது. பரிசில் பெற்று மீளும் கலைஞன், எதிர்ப்பட்ட வறிய கலைஞனை வள்ளலிடம் ஆற்றுப்படுத்துவதே ஆற்றுப்படை. கூத்தர், பாணர், பொருநர், விறலியர் ஆகியோர்க்குரிய இத்துறையைத் தொல்காப்பியம் புறத்திணையியலில் வகுத்துரைக்கிறது. சிறுபாணாற்றுப்படை நல்லியக்கோடனிடமும், பொருநராற்றுப்படை கரிகாலனிடமும், மலைபடுகடாம் நன்னனிடமும் வழிப்படுத்துகின்றன. செல்லும் வழியின் இயல்பு, இடையில் உணவளிப்போர், வள்ளலின் குணம் எல்லாம் இவற்றில் சொல்லப்படுகின்றன. நம் முதல் வினாக்களுக்கு இங்கே விடை எளிது. சேதி சொல்பவன் தானே அங்குச் சென்று பயன் பெற்றவன். கூலி ஏதும் வாங்காதவன். அவன் கையிலிருக்கும் பரிசிலே அவன் சொல்லுக்குச் சான்று. இலக்கியம் காட்டும் இம்மாதிரியை முழு வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை, அளவுகோலாகக் கொள்ளலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த வழிகாட்டியின் இடத்திற்கு வந்தவர் கண்காணி. கோயிற் கல்வெட்டுகளில் அறக்கட்டளைகளை மேற்பார்ப்போரைக் குறித்த பழஞ்சொல் இது. இலங்கைக் காப்பித் தோட்டங்களும் பின்னர்த் தேயிலைத் தோட்டங்களும் பெருகியபோது அதே சொல், சொந்த ஊருக்குத் திரும்பிவந்து உறவினரையும் அயலாரையும் திரட்டிச் செல்லும் ஆள்பிடிப்பவரைக் குறிக்கலாயிற்று. தூத்துக்குடி வழியாகவும், 1914க்குப் பின் தனுஷ்கோடி–தலைமன்னார் வழியாகவும் ஆயிரமாயிரம் பேர் கடல் கடந்தனர். கண்காணியும் போய்வந்தவர்தாம், ஊர்க்காரர்தாம். ஆற்றுப்படைப் பாணனிடமிருந்து அவரைப் பிரிப்பது ஒன்றே: அவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று காசு உண்டு.

அந்தக் காசே உறவை மாற்றிவிட்டது. பயணச் செலவும் முன்பணமும் தொழிலாளியின் கணக்கில் கடனாக ஏறின. ஒரு கூட்டம் வேறு தோட்டத்திற்கு மாற வேண்டுமாயின், அதன் கடன் தொகையைக் குறித்த ‘துண்டு’ என்னும் சீட்டு வேண்டும். புதிய தோட்டம் அத்தொகையைக் கட்டினால்தான் விடுதலை. இம்முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிந்தது. மலேயாவுக்குத் தொழிலாளர்களை அனுப்புவதை 1938இலும், இலங்கைக்கு அனுப்புவதை 1939இலும் இந்திய அரசு தடை செய்தது. புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ திருநெல்வேலிச் சீமையிலிருந்து இலங்கைத் தோட்டத்திற்குப் போனவளின் கதை. பி.எச். டேனியல் எழுதி, தமிழில் ‘எரியும் பனிக்காடு’ என வந்த நாவல், அதே சீமையிலிருந்து மேஸ்திரியின் வாய்ச்சொல்லை நம்பி ஆனைமலைத் தோட்டங்களுக்குச் சென்றவர்களைப் பற்றியது. இரண்டிலும் துயரம் ஒரு சேதியில் தொடங்குகிறது.

தரகரை விலக்கிவிட்டு அரசே நடுவராக வேண்டும் என்னும் எண்ணம் இருபதாம் நூற்றாண்டிற்குரியது. பிரிட்டனில் 1909ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1910இல் வேலைவாய்ப்பகங்கள் திறக்கப்பட்டன. 1919இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு தன் இரண்டாம் உடன்படிக்கையிலேயே, கட்டணமில்லாப் பொது வேலைவாய்ப்பு நிலையங்களை வலியுறுத்தியது. இந்தியாவில் 1945இல், போரிலிருந்து திரும்பிய படைவீரர்களுக்காகத் தொடங்கப்பட்ட இவ்வமைப்பு, 1948இல் அனைவருக்கும் திறந்துவிடப்பட்டது. 1956இல் அன்றாட நிர்வாகம் மாநிலங்களிடம் வந்தது. 1959ஆம் ஆண்டுச் சட்டம், காலியிடங்களை வேலைவாய்ப்பகத்திற்குக் கட்டாயம் அறிவிக்கச் செய்தது. ஆயினும் அறிவிப்பதுதான் கட்டாயம். அங்கிருந்து வரும் ஆளை எடுத்துக்கொள்வது கட்டாயமன்று. இந்த இடைவெளியில்தான் ஒரு தலைமுறையே காத்திருந்தது.

சுந்தரபாண்டியபுரத்துப் பட்டதாரிக்குத் திருநெல்வேலி அலுவலகத்தின் பதிவு அட்டை ஏறக்குறையக் குடும்ப ஆவணம். மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கத் தவறினால் பதிவு மூப்பு போய்விடும் என்னும் அச்சம் வீடுதோறும் இருந்தது. நேர்மையான வரிசைதான், ஆனால் நகராத வரிசை. 1996இல் உச்ச நீதிமன்றம், வேலைவாய்ப்பகப் பட்டியலோடு நின்றுவிடாமல் செய்தித்தாள் முதலியவற்றிலும் காலியிடங்களை விளம்பரம் செய்ய வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பதிவு மூப்பு என்ற நம்பிக்கையின் அடித்தளம் அன்றே தளர்ந்துவிட்டது எனலாம். தமிழ்நாட்டில் பதிவு இணையத்திற்கு மாறியது 2010இல். தென்காசி தனி மாவட்டமானது 2019இல்.

இதற்கிடையே மூன்றாம் நடுவர் வந்துவிட்டார். அமெரிக்காவில் 1994இல் ‘மான்ஸ்டர் போர்டு’ தோன்றியது. இந்தியாவில் 1997இல் சஞ்சீவ் பிக்சந்தானி ‘நௌக்ரி’ தளத்தைத் தொடங்கினார். அலுவலகத்தில் பலரும் பத்திரிகையைப் பின்பக்க வேலை விளம்பரத்திலிருந்து படிப்பதைக் கண்ட அனுபவமே அதற்கு வித்து. நாளிதழ்களில் வந்த விளம்பரங்களைத் திரட்டி ஓரிடத்தில் போட்டதே அதன் முதல் பணி. தேடுபவருக்குப் பெரும்பாலும் இலவசம். விளம்பரம் இடுவதற்கும் விண்ணப்பக் களஞ்சியத்தில் தேடுவதற்கும் நிறுவனம் பணம் கட்டும். கண்காணி முறையில் தொழிலாளியின் தலையில் ஏறிய செலவு, இங்கே முதலாளியின் கணக்குக்கு மாறியது. இது சிறிய மாற்றமன்று. சென்னையில் மாமாவோ சித்தப்பாவோ இல்லாத பையனுக்கும், தென்காசியின் இணைய மையத்திலிருந்தே பெங்களூரின் காலியிடம் தெரியவந்தது. சாதியும் உறவும் காத்துவந்த சேதி பொதுவெளிக்கு வந்தது.

ஆனால் பணம் கட்டுபவருக்கே தளம் கடமைப்பட்டது. ஒரு காலியிடத்திற்கு ஆயிரம் விண்ணப்பங்கள் குவியும்போது, அவற்றைப் படிப்பவர் மனிதர் அல்லர். குறிப்பிட்ட சொற்கள் இருக்கின்றனவா என்று சலித்தெடுக்கும் மென்பொருள். நம் மாணவர்களிடம் நாம் காண்பது இதுவே: தமது திறனைச் சொல்லத் தெரிந்தவர்களும், அதை அந்த மென்பொருளுக்குரிய ஆங்கிலத்தில் சொல்லத் தெரியாமல் நிற்கிறார்கள். பதில் வராத நூறு விண்ணப்பங்களுக்குப் பின், ஏன் மறுக்கப்பட்டோம் என்பதுகூடத் தெரிவதில்லை. பழைய அலுவலகத்தில் குறைந்தது வரிசையில் தன் இடம் எது என்று கேட்க ஒரு சாளரம் இருந்தது.

மூன்றாம் வினா இன்னும் கடுமையானது. 2022இல், தாய்லாந்தில் கணினிசார் வேலை என்னும் சமூக ஊடக விளம்பரங்களையும் முகவர்களையும் நம்பிச் சென்ற இந்திய இளைஞர்கள் மியான்மரில் இணைய மோசடிக் கும்பல்களிடம் சிக்கினர். மீட்கப்பட்டோரில் தமிழரும் இருந்தனர். மத்திய வெளியுறவு அமைச்சகம் வெளிப்படையாக எச்சரிக்கை விடுத்தது. கங்காணிக் காலத்துக் கதை திரையில் மீண்டும் எழுதப்பட்டது போன்றது இது; வேறுபாடு, அன்று ஏமாற்றியவனின் வீட்டு வாசலாவது ஊரில் இருந்தது.

அரசும் இணையத்திற்கு வந்துள்ளது. 2015இல் மத்திய அரசின் தேசியத் தொழில்நெறிச் சேவைத் தளமும், 2020இல் தமிழக அரசின் தனியார் துறை வேலை இணையமும் தொடங்கப்பட்டன. 1959ஆம் ஆண்டுச் சட்டம் இப்போது 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் அடங்கிவிட்டது. இவையெல்லாம் ஆளை வேலையிடம் அனுப்பும் வழிகள். எதிர்த்திசையிலும் ஒன்று நிகழ்ந்துள்ளது: 2011இல் ஸோஹோ நிறுவனம் தென்காசிப் பகுதியில் கிளை தொடங்கி, பின்னர் மத்தளம்பாறையில் வேரூன்றியது. பள்ளிப்படிப்பு முடித்தவர்களைத் தானே பயிற்றுவித்து வேலைக்கு எடுக்கும் வழக்கம் அந்நிறுவனத்தில் 2005 முதல் உண்டு. வேலை மலையடிவாரத்திற்கே வந்தால் தூதுச் சேதியின் தேவை குறைகிறது. ஆனால் ஒரு நிறுவனம் ஒரு வட்டாரத்திற்கே சோறிட இயலாது என்பதையும் மறக்கலாகாது.

சேதி இன்று மலிந்துவிட்டது. சேதிக்குப் பொறுப்பேற்போர்தாம் அரிதாகிவிட்டனர். கண்காணி பொறுப்பைக் கடனாக்கினார். அரசு அதைக் காத்திருப்பாக்கியது. தளம் அதை ‘நிபந்தனைகளுக்கு உட்பட்டது’ என்னும் சிற்றெழுத்தாக்கிவிட்டது. போலி விளம்பரத்திற்குத் தளத்தையும் பொறுப்பாக்குவதும், நிராகரிப்புக்கு ஒருவரிக் காரணம் தரச் செய்வதும் சட்டத்தால் இயலாதவை அல்ல. அதுவரையில், முன்னே சென்றவர்கள் பின்னே வருபவர்களுக்கு உண்மையைச் சொல்லுதல் என்னும் பழைய கடமை நம்மிடமே இருக்கிறது. சுந்தரபாண்டியபுரத்திலிருந்து வெளியூர் போய் நிலைத்தவர்கள் அவ்வளவு பேர். அவர்களுள் ஊருக்குத் திரும்பி வழி சொல்வோர் எத்தனை பேர்?